ஏழாவது தாழ்ப்பாளை வாசித்தவள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு குடோனில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் முழு முகம். காலை எட்டரைக்கு மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டினால் மதியம் ஒரு மணிக்குத்தான் அவிழ்ப்பார்கள். கட்டாமல் உட்கார்ந்தால் சுக்குத் தூசி தொண்டையில் இறங்கிவிடும். அப்புறம் இரண்டு நாளைக்கு இருமல்தான். ஆகவே பெரிய சுக்கை ஒரு பக்கமும் உடைசலை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கண்ணாலேயே கேலியும் கோபமும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணி அடித்ததும் பதினொரு வாயும் ஒன்றாகத் திறக்கும்.

அந்தப் பதினொன்றில் பொன்மணியின் வாய்க்குத் தனி மரியாதை இருந்தது. அவள்தான் வாசிப்பவள்.

மற்றவர்களில் பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பஸ் பலகையையும் ரேஷன் கடை அறிவிப்பையும் மளமளவென்று மலையாளத்தில் படிப்பார்கள். தமிழ் எழுத்தைக் காட்டினால் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பொன்மணி சங்கரன்கோவில் பக்கம் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, கல்யாணமாகி, கட்டட வேலைக்கு வந்த ராமரின் கையைப் பிடித்துக்கொண்டு கொச்சியில் வந்து இறங்கியவள். அந்த எட்டாம் வகுப்பு இருபத்தெட்டு வருஷம் கழித்து இப்படி உதவும் என்று அவள் நினைத்ததில்லை.

ராமர் ஒரு மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டான். மகன் விக்கி இடப்பள்ளியில் பெரிய மால் ஒன்றில் செருப்புக் கடையில் நிற்கிறான். பெண்சாதியின் வீடு வைப்பின் தீவில், அங்கேயே இருந்துகொண்டான். இடப்பள்ளியிலிருந்து அவள் இருக்கும் பள்ளுருத்திக்கு ஒரு பஸ், மிஞ்சிப்போனால் இரண்டு. வரச் சொன்னால், "ஞாயித்துக்கிழமைதானம்மா கடையில கூட்டமே," என்பான். அவன் சொல்வதிலும் பொய் இல்லை. பள்ளுருத்தியில் அவள் இருந்தது ஒற்றை அறை. சாயங்காலம் பஸ் கண்டக்டரிடம் "பள்ளுருத்தி ஒண்ணு" என்பாள். அதுதான் அன்றைக்குக் கடைசிப் பேச்சு. அடுத்த பேச்சு மறுநாள் காலையில், "மட்டாஞ்சேரி ஒண்ணு."

அதனால் அந்த ஒரு மணி நேரத்தை அவள் எப்படிப் பிடித்து வைத்திருந்தாள் என்பதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. மாதம் ஒரு நாவல். எல்லாம் பேய்க் கதைதான். குடும்பக் கதை வாசித்துப் பார்த்தாள், யாருக்கும் பிடிக்கவில்லை. ஒருமுறை புத்தகம் வரத் தாமதமானபோது ராமர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளைச் சொல்ல ஆரம்பித்தாள். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த ஜுமைலா, மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "அது விடு பொன்மணி, எல்லா வீட்டிலயும் ஒண்ணு உண்டு," என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினாள். கெட்ட மனசு ஒன்றும் இல்லை. ஜுமைலாவுக்கும் சொல்ல எத்தனையோ இருந்தது, அவளும் சொல்லவில்லை. பொன்மணிக்கு அன்றைக்கு ஒன்று விளங்கியது. கையில் அச்சடித்த காகிதம் இருக்கிறவரைக்கும்தான் அந்தப் பத்துப் பேரும் அவள் பக்கம் திரும்பி உட்காருவார்கள்.

*

"ஏழாவது தாழ்ப்பாள்" என்ற நாவலுக்கு நாலு மாதமாக விளம்பரம் வந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும். கறுப்புப் பின்னணி, ஒரு கதவு, கதவிடுக்கில் நாலு விரல். கீழே சிவப்பு எழுத்தில்: இருதய பலவீனம் உள்ளவர்கள் தயவுசெய்து வாசிக்க வேண்டாம்.

பொன்மணி அந்த வரியை வாசித்துக் காட்டியபோது, "எங்க மாமியாருக்கு பைபாஸ் பண்ணியிருக்கு," என்றாள் ஜுமைலா. "வீட்டுல போய்க் கதையைச் சொல்லலாமா கூடாதா?"

"மருமக மூஞ்சியப் பாத்தே தாங்குற இருதயம். அதெல்லாம் தாங்கும்," என்றாள் பொன்மணி. குடோனே சிரித்தது. இந்த மாதிரிப் பேச்செல்லாம் அவளுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் வரும்.

இதே எழுத்தாளர் இதற்கு முன் எழுதிய கிணற்றுக் கதையைக் கேட்டுவிட்டு, கூட்டத்திலேயே இளையவளான ஸாதனா இரண்டு வாரம் குடோனின் பின்பக்கக் கக்கூசுக்குத் தனியாகப் போகவில்லை. "இது அதுக்கும் மேல இருக்கும்," என்று பொன்மணி உறுதி சொன்னாள். மழை பெய்த நாலு மாதமும் சொன்னாள். அவள் சொல்லச்சொல்ல அந்தப் புத்தகம் பெரிதாகிக்கொண்டே போனது. ஏழு தாழ்ப்பாளில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன இருக்கும் என்று பந்தயம் கட்டாத குறை.

பள்ளுருத்தியில் செல்லப்பாவின் கடைக்குத் தென்காசி பஸ்ஸில் முறுக்கு மூட்டையோடு தமிழ்ப் புத்தகங்களும் வரும், பத்து நாள் பிந்தி. ஒரு பிரதியை அவர் அவளுக்காக எடுத்து வைத்திருந்தார். அவள் பிரித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டாள். முன்கூட்டி வாசிப்பதில்லை என்பது அவள் வைத்திருந்த கட்டுப்பாடு. அவர்களோடு சேர்ந்துதான் அவளும் பயப்பட வேண்டும்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. ரஞ்சனி என்று ஒரு புதுப்பெண், மலைமேல் ஒரு பங்களா, மாடிக் கோடியில் ஏழு தாழ்ப்பாள் போட்ட அறை. அத்தியாயம் முடியும்போது முதல் தாழ்ப்பாள் தானாக விழுந்தது. ஸாதனா வாயில் வைத்த கப்பைக் கிழங்கை மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் ரஞ்சனியின் புருஷன் புதுக் கார் வாங்கினான். காரின் நிறம், இருக்கை, பாட்டுப் பெட்டி என்று ஒன்றரைப் பக்கம். மூன்றாம் நாள் ஓட்டலில் சாப்பிட்டார்கள். என்னென்ன சாப்பிட்டார்கள் என்று எழுத்தாளர் ஒன்று விடாமல் எழுதியிருந்தார்.

"எந்தா பொன்மணி," என்றாள் ஜுமைலா. "இது பேய்க் கதையா, கல்யாண விருந்தா? இன்னிக்காவது அது வருமா?"

"வரும். அவரு மெதுவாத்தான் கொண்டுவருவாரு."

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா? எனக்கு இந்தச் சித்திரையில ரிட்டயர்மென்ட்."

நாலாம் நாள் ஸாதனா சாப்பாட்டுப் பாத்திரத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்து மலையாளத் தொடர் ஒன்றைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த இருவர் கழுத்தை நீட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் உட்கார்ந்த இடமே அந்தப் பக்கம் நகர்ந்திருந்தது. பொன்மணி குரலை உயர்த்தினாள். குரலை உயர்த்தி வாசிக்கும்படி புத்தகத்தில் ஒன்றும் இல்லை. ரஞ்சனி பட்டுப்புடவைக்கு மேட்ச்சாக வளையல் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டில், வாழ்க்கையில் முதல் தடவையாக, கட்டுப்பாட்டை மீறிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஏழாவது தாழ்ப்பாளுக்குப் பின்னால் புருஷனின் தம்பி இருந்தான். முகத்தில் பவுடர், உடம்பில் வெள்ளைப் புடவை. சொத்துக்காக நாடகம். இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கத்துக்கு விளக்கினார். பேய் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று ரஞ்சனியின் தலையைத் தடவிச் சொன்னார். கதை முடிந்தது.

பொன்மணிக்குக் கோபம் வந்தது. ஏதோ சொந்தக்காரன் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்ல வைத்துவிட்டு வராமல் போனதுபோல இருந்தது. இதைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் எப்படி வாசிப்பது? நாலு மாதம் நெஞ்சைத் தொட்டுச் சொன்னது அவள்தானே, எழுத்தாளரா சொன்னார்? நாளைக்கு இன்னும் இரண்டு பேர் போன் பக்கம் நகர்வார்கள். அடுத்த வாரம் எல்லாரும். அப்புறம் அந்த ஒரு மணி நேரமும் பள்ளுருத்தி அறை மாதிரி ஆகிவிடும்.

*

ஐந்தாம் நாள் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு அதில் இல்லாததை வாசித்தாள்.

புருஷனை வெளியூருக்கு அனுப்பினாள். கார் தொலைந்தது. பங்களாவில் ரஞ்சனி மட்டும். "இரண்டாவது தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். எலிக்குத் தாழ்ப்பாள் திறக்கத் தெரியுமா?" தனியாக இருக்கிறவளின் காதுக்குச் சத்தங்கள் எப்படிக் கேட்கும் என்பதை யாரும் பொன்மணிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரில் தண்ணீர்க் குழாய் விக்குவது, மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது, யாரும் தொடாமலே பாத்திரம் அசைந்து அடங்குவது. எல்லாவற்றையும் எடுத்து ரஞ்சனியின் பங்களாவில் வைத்தாள். பக்கத்தைத் திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்பினாள்.

ஸாதனா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்பத்தான் ஆளு எழுதத் தொடங்கியிருக்கான்," என்றாள் ஜுமைலா.

ஆறாம் நாள் ஒரு மணி அடிக்கும் முன்பே எல்லாரும் துணியை அவிழ்த்திருந்தார்கள். மேஸ்திரி வெங்கிட்டுகூட வாசற்பக்கம் நின்று பல் குத்துவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு தாழ்ப்பாள்கள் விழுந்தன. ஈரக் கால் தடம் படியில் இறங்கியது. பொன்மணிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்த மாதிரி அவளை யாரும் பார்த்ததில்லை. ராமர்கூட, பாவம், களைத்து வருவான், சாப்பிடுவான், தூங்குவான்.

ஏழாம் நாள் ஏழாவது தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"அடுக்களை வாசலில் அது வந்து நின்றது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் தெரியவில்லை. ரஞ்சனி திரும்பிப் பார்த்தாள்."

பத்துப் பேரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். பொன்மணி பக்கத்தைத் திருப்பினாள். அவள் என்ன சொல்ல நினைத்தாளோ, அது வரவில்லை. கத்தினாள் என்று சொல்லலாம், மயங்கி விழுந்தாள் என்று சொல்லலாம். ஈரத்தோடு வாசலில் ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வாள் என்று மனசில் பார்த்தாள். வாய் அதையே சொன்னது.

"நனைஞ்சிட்டீங்களே, என்று ரஞ்சனி கேட்டாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள். அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள்."

முதலில் சிரித்தது ஸாதனா. அப்புறம் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தியாக எல்லாரும்.

"பேய்க்கு சாயாவா?" ஜுமைலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பின்னே கூட வைக்க பழம்பொரி வேண்டாமா?"

"சேச்சி, மதுரமுள்ளதா இல்லாத்ததா கேளு. பேய்க்கு ஷுகர் இருந்தா?" இது ஸாதனா.

"எழுதினவனுக்குப் பிராந்து, முழுப் பைத்தியம்," என்றாள் ஜுமைலா. " நல்லா வந்துட்டு இருந்தான், நாசம் பண்ணிட்டான். யாராவது பேயைப் பார்த்தா சாயா போடுவாளா? வீட்டுல ஆளில்லாத பொம்பளைகூடப் போடமாட்டா."

பொன்மணியும் சிரித்தாள். "மீதி நாளைக்கு," என்று புத்தகத்தை மூடினாள்.

*

கை கழுவும் குழாயடியில் மாடத்தி நின்றுகொண்டிருந்தாள். இந்தக் குடோனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மகன் ஃபோர்ட் கொச்சியில் ஓட்டல் வேலை. அவனுக்குப் பொங்கிப்போடக் கோவில்பட்டியிலிருந்து வந்தவள். கூட்டத்தில் அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் போகும்வரை கையையே கழுவிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, போன மாசம் ஊருக்குப் போயிட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுல அந்தப் புத்தகத்த வாங்கினேன். இங்க வந்து சேருததுக்குள்ள முடிச்சிட்டேன்."

பொன்மணிக்குக் கையிலிருந்த பாத்திரம் கனத்தது. "உனக்கு வாசிக்கத் தெரியும்னு சொல்லவே இல்லியே."

"நீங்க வாசிக்கீக. கேக்க நல்லாருக்கு. நான் எதுக்குச் சொல்லணும்?"

"அவங்ககிட்ட..."

"சொல்ல மாட்டேன். அந்தப் பவுடர் பூசுன பய கதைய யாரு கேப்பா." மாடத்தி குழாயை மூடினாள். போகிறவள் நின்று, "ஆனா யக்கா, பேய் வந்தா பயப்படணும்லா. நீங்க எதுக்கு அதுக்கு சாயா போடுறீக?" என்றாள்.

ரஞ்சனி எதற்குப் போட்டாள் என்று அவள் கேட்கவில்லை. பொன்மணி அதைக் கவனித்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மீதியை யோசித்தாக வேண்டும். கூட்டத்தைப் பிடித்து நிறுத்த வழி இரண்டு இருந்தது. ஒன்று, அது ரஞ்சனியின் கழுத்தை நெரிக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஸாதனா மறுபடி போனைக் கவிழ்த்து வைப்பாள். இன்னொன்று, ரஞ்சனி மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, விளக்குமாற்றால் அடித்து அதை வெளியே துரத்த வேண்டும். ஜுமைலாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும், கை தட்டுவாள். தோப்பும்படி ஸ்டாப் வரும்வரை பொன்மணி இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறது. உள்ளே வா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அதை எப்படி அடிப்பது? மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. உட்கார வைத்து இரண்டு வார்த்தை பேசலாம். அதற்கு நேற்றுச் சிரித்ததைவிடக் கூடுதலாகச் சிரிப்பார்கள்.

மதியம் சோற்றுப் பாத்திரங்கள் திறந்தன. எல்லாரும் திரும்பி உட்கார்ந்தார்கள். இன்றைக்கும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள்.

"என்னாச்சு, சாயா குடிச்சிருச்சா?"

பொன்மணி கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். இந்தத் தடவை அச்சில் இருந்ததை இருந்தபடியே வாசித்தாள். கார், புருஷன், தம்பி, பவுடர், இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் பேசிய இரண்டு பக்கத்தில் ஒரு வரி விடவில்லை. எதிரே மாடத்தி சோற்றைப் பிசைந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நில்லு நில்லு," என்றாள் ஜுமைலா. "அப்போ பேயே இல்லியா?"

"இல்லியாம்."

"பின்னே அந்த சாயாவைக் குடிச்சது யாரு?"

பொன்மணி புத்தகத்தைப் பார்த்தாள். "கொழுந்தன்தான்."

"பவுடர் பூசிட்டு வந்து அண்ணிகிட்டயே சாயா வாங்கிக் குடிச்சானா? என்னா தைரியம்." ஜுமைலா மிச்சச் சோற்றை வழித்து வாயில் போட்டாள். "இதுக்கா நாலு மாசம்? இருதய பலவீனம்னு எழுதினவன் கையை ஒடிக்கணும். மதி, போதும் பொன்மணி, அதைத் தூக்கிப் போடு. அந்த ஸாதனா தொடர் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"சேச்சி, கல்யாணம் நின்னு போச்சு. பெண்ணு ஆஸ்பத்திரியில."

"சத்தமா வை, எல்லாரும் கேட்கட்டும்."

அடுத்த நாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்து முன்னால் அரைவட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். பொன்மணியையும் கூப்பிடாமல் இல்லை. "வா, இங்க இடம் இருக்கு," என்று ஜுமைலா விலகிக் கொடுத்தாள். இரண்டு நாள் போய் உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்து பார்த்தால் போன் திரையில் வெளிச்சம்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். செல்லப்பா புது நாவல் வந்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். போய் வாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், தூக்கை எடுத்துக்கொண்டு மாடத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில் கொஞ்சத்தைப் பொன்மணியின் தட்டில் ஊற்றினாள்.

"யக்கா."

"ம்."

"அது உள்ள வந்துச்சா, இல்லியா?"

எது என்று பொன்மணி கேட்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் கொழுந்தன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"நான் வாசல்லயே விட்டுட்டேன்லா," என்றாள். "எவ்வளவு நேரந்தான் நிக்கும். போயிருக்கும்."

மாடத்தி தலையை அசைத்தாள். அந்தப் பக்கம் தொடரில் யாரோ எதற்கோ அழுதார்கள். ஒன்பது பேரும் உச்சுக்கொட்டினார்கள். இரண்டு மணி அடிக்க இன்னும் கால் மணி இருந்தது.